இன்டெல்லா, ரியல்டெக்கா? மதர்போர்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும்முன் இதைப் படியுங்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஏழெட்டு வருடமாக உழைத்த பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால், 'புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிடலாமா?' என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிட்டது.

கடைக்குப் போனால் அங்கே ஒரு குழப்பம் காத்திருக்கும். ஒரே ப்ராசஸர், ஒரே ரேம். ஆனால், கொட்டேஷனில் இரண்டு மதர்போர்டுகள். ஒன்றில் 'ரியல்டெக் லேன்' என்றிருக்கும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதலாக உள்ள இன்னொன்றில் 'இன்டெல் 2.5 கிகாபிட் லேன்' என்றிருக்கும். 'இன்டெல் லேன் போட்டா நெட் நிக்காம ஓடும்' என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். நமக்கோ லேன் என்றால் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நெட் வயர் செருகும் சதுர ஓட்டை என்பதற்கு மேல் தெரியாது. வேறு வழியில்லாமல் தலையாட்டிவிடுவோம்.

அந்தக் கூடுதல் பணம் அவசியமா? விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி மாதிரி ஓர் ஊரை வைத்து இதைப் பார்க்கலாம். செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரம் நைட்டித் தயாரிப்புக்குப் பெயர்போனது. வீட்டோடு சேர்ந்த தையல் கூடம், ஒரு மூலையில் கம்ப்யூட்டர் என்று தொழில் செய்யும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் பில் போட வேண்டும், ஜி.எஸ்.டி கணக்குப் பார்க்க வேண்டும், புது டிசைன்களைப் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும். ராத்திரியானால் பிள்ளைகளின் படிப்பும் அதில்தான். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில் வேண்டும். சரக்கைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, பில் போடும் நேரத்தில் நெட் அறுந்துபோனால் வண்டி நின்றபடி நிற்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு நெட் நிற்காமல் ஓடுவது முக்கியம். அதற்கு எதில் பணம் போட வேண்டும் என்பதுதான் கேள்வி.

அந்தச் சிப் செய்யும் வேலை என்ன?

மதர்போர்டிலேயே பதித்து வரும் நெட்வொர்க் கன்ட்ரோலரைத்தான் 'ஆன்போர்டு லேன்' என்கிறோம். அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதல் வேலை, அனுப்ப வேண்டிய தகவலைச் சின்னச் சின்னக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி போடுவது. இரண்டாவது வேலை, அந்தக் கட்டுகளை மின் அலைகளாக மாற்றி வயரில் ஏற்றுவது. முதல் பகுதியை 'மேக்' என்றும், இரண்டாவதை 'ஃபை' என்றும் சொல்வார்கள். ஒருவர் பார்சலில் விலாசம் எழுதுகிறார், இன்னொருவர் லாரியில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரியல்டெக் சிப்களில் இரண்டு வேலையும் ஒரே சிப்பில் முடிந்துவிடும். இன்டெல்லின் 'ஐ219-வி' மாதிரி சில சிப்களில் வயரில் ஏற்றும் வேலை மட்டும்தான் நடக்கும். விலாசம் எழுதும் வேலையை மதர்போர்டின் சிப்செட் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் ஐ219, இன்டெல் சிப்செட் உள்ள போர்டுகளில் மட்டும் வருகிறது. ஏ.எம்.டி ப்ராசஸருக்கான போர்டுகளில் இன்டெல் லேன் வேண்டுமென்றால் ஐ211, ஐ225, ஐ226 மாதிரி தனித்து இயங்கும் சிப்பைப் பொருத்துவார்கள்.

முதல் கணக்கு: உங்கள் வீட்டு நெட் எவ்வளவு?

சிப்பைப் பார்ப்பதற்கு முன், நெட் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் 50, 100, 200 'எம்.பி.பி.எஸ்' என்று ஏதாவது ஒன்று இருக்கும். நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று அர்த்தம். இன்று விற்கும் மிகச் சாதாரண மதர்போர்டின் லேன்கூட ஒரு கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகத்தைத் தாங்கும். வீட்டுக்குள் வருவது 100, வாசல் அகலம் 1,000. அதை 2,500 ஆக்கினாலும் உள்ளே வரப்போவது அதே 100 தான்.

எனவே, வீட்டு இணைப்பு ஒரு கிகாபிட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை, மதர்போர்டில் ரியல்டெக் இருந்தாலும் இன்டெல் இருந்தாலும் டவுன்லோடு வேகம் ஒன்றுதான். 'இன்டெல் லேன் போட்டால் நெட் வேகமாகும்' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

விலை வித்தியாசமும் லேன் சிப்பால் மட்டும் வருவதில்லை. விலை கூடிய போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி பலமாக இருக்கும். கூடுதல் ரேம் ஸ்லாட், எஸ்.எஸ்.டி ஸ்லாட், யு.எஸ்.பி போர்ட்டுகள் இருக்கும். அவை உங்களுக்குத் தேவையென்றால் தாராளமாக வாங்கலாம். நெட்டுக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யலாமா?

ரியல்டெக், 1987-ல் தைவானின் சின்சூ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் அடையாளம் நண்டு. மதர்போர்டை உற்றுப் பார்த்தால் லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிப்பில் அந்தக் குட்டி நண்டைக் காணலாம். 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மலிவு விலை லேன் கார்டுகளில் இருந்தது இந்த நிறுவனத்தின் 'ஆர்.டி.எல் 8139' என்ற 100 மெகாபிட் சிப். செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை அது ப்ராசஸர் தலையில் கட்டிவிடும். அன்றைய ப்ராசஸர்களுக்கு அது சுமை. 'ரியல்டெக்னா சுமார்தான்' என்ற பெயர் அப்போது ஒட்டியது. இன்று போர்டுகளில் வரும் 8111 (ஒரு கிகாபிட்), 8125 (2.5 கிகாபிட்) வரிசை வேறு தலைமுறை. இன்றைய ப்ராசஸருக்கு அந்த வேலை ஒரு பொருட்டே இல்லை.

இன்டெல்லுக்கு நேர்மாறான பெயர். அலுவலகங்களிலும் சர்வர்களிலும் பல காலம் உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயர் அது. ஆனால், அந்தப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு.

2020-ல் வந்த இன்டெல் 400 வரிசை மதர்போர்டுகள் பலவற்றில் 'ஐ225-வி' என்ற புது 2.5 கிகாபிட் சிப் இருந்தது. அதன் முதல் பதிப்பில் வடிவமைப்புக் கோளாறு. ஒரு தகவல் கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி சரியாக அமையவில்லை. இதனால் சில ரௌட்டர், ஸ்விட்ச்களோடு 2.5 கிகாபிட் வேகத்தில் இணைத்தால் கட்டுகள் தொலைந்தன, வேகம் சரிந்தது. அப்போது சொல்லப்பட்ட தற்காலிகத் தீர்வு, வேகத்தை ஒரு கிகாபிட்டாகக் குறைத்து வைப்பது. 2.5-க்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர்கள் ஒன்றோடு நிற்க வேண்டியதாயிற்று! பின்னர் திருத்திய பதிப்புகள் வந்தன.

அடுத்து வந்தது 'ஐ226-வி'. 2022 கடைசியில் வெளியான இன்டெல் 700 வரிசை போர்டுகள் பலவற்றில் இந்தச் சிப்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு திடீரென்று சில நொடிகள் அறுந்து, தானாகத் திரும்ப வருகிறது என்று 2023 தொடக்கத்தில் புகார்கள் குவிந்தன. லேனில் உள்ள மின்சேமிப்பு வசதியை அணைத்துவைத்தால் பலருக்குச் சரியானது. அதற்கேற்ப இன்டெல்லும் புது டிரைவரை வெளியிட்டது.

இதனால் 'இன்டெல் மோசம், ரியல்டெக் நல்லது' என்று தலைகீழாக்கிக்கொள்ள வேண்டாம். ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப்பிலும் டிரைவர் பழையதாக இருந்தால் இணைப்பு அறுபடுவது உண்டு. நிறுவனத்தின் பெயரைவிட, எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்த டிரைவர் என்பதே முக்கியம்.

பழைய மதர்போர்டு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2020, 2021 காலத்து போர்டு விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால், அதில் ஐ225-வி இருக்கிறதா, இருந்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் லேன் பெயரை இருமுறை சொடுக்குங்கள். 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீளமான வரியின் கடைசியில் 'ரெவ்' என்று போட்டு ஓர் எண் இருக்கும். 03 என்றால் கடைசியாகத் திருத்திய பதிப்பு.

கேம் விளையாடுபவர்களுக்கான சிப் என்கிறார்களே?

வீட்டில் கேம் விளையாடும் பையனோ பெண்ணோ இருந்தால் 'கில்லர் லேன்' என்ற பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரிவெட் நெட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தயாரிப்பு இது. அந்த நிறுவனத்தையே 2020-ல் இன்டெல் வாங்கிவிட்டது. இதில் ருசிகரமான விஷயம், 'கில்லர்' என்ற பெயரில் வந்த சிப்களில் சில உள்ளே ரியல்டெக், சில உள்ளே இன்டெல் ஐ225. பெயரும் கூடவே வரும் மென்பொருளும்தான் வேறு. ஒரே கம்ப்யூட்டரில் டவுன்லோடும் கேமும் ஒன்றாக ஓடினால், கேமுக்கு முன்னுரிமை தருவது அந்த மென்பொருளின் வேலை. வீட்டில் நாலு போன்கள் அதே நெட்டில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தால், அதை இந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் தடுக்க முடியாது. அதற்கு ரௌட்டரில்தான் வழி இருக்கிறது.

கேமில் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேம் சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செட்டியார்பட்டியில் இருந்து மும்பை நேர்கோட்டில் அளந்தாலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர மட்டுமே குறைந்தது 10 மில்லி நொடி ஆகும். நடுவில் உள்ள கருவிகளைத் தாண்டும் நேரமும், கேபிள் சுற்றிப் போகும் தூரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். கம்ப்யூட்டரில் இருந்து வீட்டு ரௌட்டருக்குப் போய்வரும் நேரமோ, லேன் வயரில் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. எந்தச் சிப்பைப் போட்டாலும் அந்த ஒரு மில்லி நொடிக்குள்தான் மிச்சம் பிடிக்க முடியும். வைஃபையை விட்டுவிட்டு வயரில் இணைத்தாலே கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது.

2.5 கிகாபிட் யாருக்கு உபயோகம்?

வீட்டுக்குள்ளேயே, கடைக்குள்ளேயே பெரிய ஃபைல்களைப் பரிமாறுபவர்களுக்கு. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்கள் இதற்கு நல்ல உதாரணம். 50 ஜி.பி அளவுள்ள வீடியோவை ஒரு கம்ப்யூட்டரில் இருந்து எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு லேன் வழியாக மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

100 மெகாபிட் இணைப்பில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒரு கிகாபிட்டில் ஏழெட்டு நிமிடம். 2.5 கிகாபிட்டில் மூன்று நிமிடம்.

ஆனால், இதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டு கம்ப்யூட்டரிலும் 2.5 கிகாபிட் லேன் இருக்க வேண்டும். நடுவில் உள்ள ஸ்விட்ச்சோ ரௌட்டரோ அதே வேகத்தைத் தாங்க வேண்டும். ஃபைல் எஸ்.எஸ்.டி-யில் இருக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால், டிஸ்க்கால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் 2.5 என்பது அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணாகவே இருந்துவிடும். பில் போடவும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பவும் ஒரு கிகாபிட் ஏராளம்.

நெட் அறுந்தால் சிப்தான் காரணமா?

'போர்டு லேன் சரியில்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன், காசு செலவில்லாத சில சோதனைகள் இருக்கின்றன.

முதலில், நெட் நிற்கும் அந்த நேரத்தில் வீட்டில் உள்ள போனில் வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். போனிலும் நின்றிருந்தால் கோளாறு வெளி இணைப்பில் அல்லது ரௌட்டரில். மதர்போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போனில் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லையென்றால், 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு ரௌட்டரின் எண் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. கடைசியில் இன்னொரு இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் 'டி' எழுத்தும் சேர்த்தால், நிறுத்தும்வரை சோதனை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த 'கன்ட்ரோல்', 'சி' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். பதில் வரிசையாக வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. நடுநடுவே 'டைம்டு அவுட்' என்று வந்தால் வயர், டிரைவர், லேன் போர்ட் மூன்றில் ஒன்றில் குறை.

அந்த மூன்றில் வயரை முதலில் சந்தேகப்படுங்கள். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு கம்பி எலி கடித்தோ, கிளிப் சரியாக அடிக்காமலோ விட்டுப்போனால், கம்ப்யூட்டர் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், வேகம் மட்டும் இருக்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஈத்தர்நெட்' பகுதியில் 'லிங்க் ஸ்பீடு' பாருங்கள். 1000 என்றிருக்க வேண்டிய இடத்தில் 100 என்றிருந்தால், வயரை மாற்றிப் பாருங்கள்.

வயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த லேன் வயர்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். நாளாவட்டத்தில் கிளிப் முனையில் ஒடியும், தூரம் கூடினால் தடுமாறும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். தரமான 'கேட் 5இ' வயரே ஒரு கிகாபிட்டையும், 2.5 கிகாபிட்டையும் 100 மீட்டர்வரை கொண்டுபோகும்.

வயர் சரியென்றால் டிரைவர். மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில், உங்கள் மாடல் பெயரைப் போட்டு புது லேன் டிரைவரை எடுங்கள். 'எல்லா டிரைவரும் தானாக அப்டேட் ஆகும்' என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

கடைசியாக, மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் லேன் பெயரைத் திறந்து 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட்', 'கிரீன் ஈத்தர்நெட்' என்றிருப்பவற்றை அணைத்துப் பாருங்கள். 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை நிறுத்தலாம் என்று இருக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இதனால் கரன்ட் பில் ஏறிவிடாது.

புதுக் கம்ப்யூட்டரில் நெட்டே வரவில்லையா?

புது போர்டில் விண்டோஸ் போடும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விண்டோஸ் 11 பாதியில் நின்று 'இணையத்தில் இணையுங்கள்' என்று கேட்கும். வயர் செருகியிருக்கும், ஆனால் இணையாது. போர்டில் உள்ள லேன் சிப், கையில் இருக்கும் விண்டோஸ் பென்டிரைவைவிடப் புதியது என்பதுதான் காரணம். அதற்கான டிரைவர் உள்ளே இல்லை. நெட் வந்தால்தான் டிரைவர் எடுக்க முடியும், டிரைவர் இருந்தால்தான் நெட் வரும்!

இதற்குப் போர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி வயரில் இணைத்து 'யு.எஸ்.பி டெதரிங்' போட்டால், போனின் நெட்டை வைத்துத் தொடரலாம். அல்லது வேறு கம்ப்யூட்டரில் லேன் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் போடுபவர்கள் பழைய பதிப்பைத் தவிர்த்துப் புதிய பதிப்பாகப் போட்டால் இன்டெல், ரியல்டெக் இரண்டையும் பெரும்பாலும் தானாகவே கண்டுகொள்ளும்.

இன்னொரு சிக்கல். ஒவ்வொரு லேன் சிப்புக்கும் 'மேக் அட்ரஸ்' என்ற தனி அடையாள எண் உண்டு. உள்ளூர் கேபிள் நெட் கொடுப்பவர்கள் சிலர், இந்த எண்ணோடு இணைப்பைக் கட்டிவைத்திருப்பார்கள். ரௌட்டர் இல்லாமல் நேரடியாகக் கம்ப்யூட்டரில் வயர் செருகும் வீடுகளில், போர்டை மாற்றியதும் நெட் வராது. அவருக்கு ஒரு போன் போட்டு புது எண்ணைப் பதியச் சொன்னால் சரியாகிவிடும்.

இரண்டு லேன் போர்ட் இருந்தால்?

விலை கூடிய சில போர்டுகளில் ஒன்று இன்டெல், ஒன்று ரியல்டெக் என இரண்டு லேன் இருக்கும். ஒரே ரௌட்டரில் இருந்து இரண்டுக்கும் வயர் கொடுத்தால் நெட் இரட்டிப்பாகாது. ஒன்றில் நெட் இணைப்பு, இன்னொன்றில் தனியாக வைத்திருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியோ இன்னொரு கம்ப்யூட்டரோ என்று பிரித்துக்கொள்ளலாம். நெட்டுக்கு எது என்றால், எது தடுமாறாமல் ஓடுகிறதோ அது. ஒரு வாரம் இதில், ஒரு வாரம் அதில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறது என்பதுதான் இரண்டு போர்ட்டின் பெரிய லாபம்.

இடி மழைக் காலத்தில்...

மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களுக்கு இடி மழை புதிதல்ல. ஆன்போர்டு லேனைக் கொல்வதில் இடி மின்னலுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் இருந்து எதிரே உள்ள தையல் கூடத்துக்கோ, பக்கத்துக் கட்டடத்துக்கோ வெளியே தொங்கவிட்ட செம்பு லேன் வயர் இருந்தால் ஆபத்து அதிகம். பக்கத்தில் இடி விழுந்தால், அந்த வயரில் பாயும் மின்னழுத்தம் இரு முனையிலும் உள்ள லேன் போர்ட்டை எரித்துவிடும். இதில் இன்டெல்லும் ஒன்றுதான், ரியல்டெக்கும் ஒன்றுதான். இப்படி எரிந்தால் பெரும்பாலும் வாரண்டியும் கிடைக்காது.

இடி இடிக்கும்போது பவர் பிளக்கை மட்டுமல்ல, லேன் வயரையும் கழற்றி வையுங்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் போக வேண்டுமென்றால் கண்ணாடி இழை கேபிளும், இரு முனையிலும் 'மீடியா கன்வெர்ட்டர்' என்ற சின்னப் பெட்டியும் போட்டுவிடலாம். கண்ணாடி வழியாக மின்சாரம் வராது. வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லேன் எரிந்தே போனாலும் மதர்போர்டையே மாற்ற வேண்டியதில்லை. மற்றதெல்லாம் வேலை செய்கிறது என்றால், போர்டில் செருகும் கிகாபிட் லேன் கார்டோ, யு.எஸ்.பி லேன் அடாப்டரோ வாங்கினால் போதும். ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் முடிந்துவிடும். 'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால், 'லேன் மட்டும்தானே போச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தை எதில் போடலாம்?

பில் போடும், படிக்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கிகாபிட் ரியல்டெக் லேன் உள்ள போர்டே போதும். அதில் மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாயில் முழுச் செம்பு லேன் வயர் வாங்குங்கள். ரௌட்டருக்கு ஒரு மினி யு.பி.எஸ் வாங்குங்கள். பல வீடுகளில் நெட் அறுவதற்குக் காரணம் லேன் சிப் கிடையாது. கரன்ட் ஒரு நொடி போய்வந்ததும் ரௌட்டர் அணைந்து, திரும்ப உயிர் பெற்று எழ இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வதுதான். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ் இருக்கும், ரௌட்டருக்கு இருக்காது. இ-வே பில் பாதியில் நிற்பது அங்கேதான்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், பெரிய ஃபைல்களைப் புழங்குபவர்கள் 2.5 கிகாபிட்டுக்குப் போகலாம். அதிலும் இன்டெல்லா, ரியல்டெக்கா என்பதைவிட, ஸ்விட்ச்சும் இரண்டு பக்கக் கம்ப்யூட்டர்களும் அந்த வேகத்துக்குத் தயாரா என்று முதலில் பாருங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். லேன் சிப்பின் முழு மாடல் என்ன? இந்த போர்டின் லேன் டிரைவர் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டிருக்கிறது? வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் எங்கே? மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பி வாங்க வேண்டுமென்றால், அத்தனை நாள் தொழில் எப்படி ஓடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் மதர்போர்டிலேயே பதிப்புக்குப் பதிப்பு லேன் சிப் மாறுவதுண்டு. அதனால் மாடல் பெயரோடு பதிப்பு எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு டிரைவர் தேடும்போதும், வாரண்டி கேட்கும்போதும் அந்த ஒரு வரி கைகொடுக்கும்.